பிழை இல்லாத பக்கம்

இணையத்துக்கு விதி எழுதுகிறவர்கள் மனிதர்களை வெறுப்பவர்கள் என்று உலகம் நம்புகிறது. இந்தப் பெரும்பிழையைத் திருத்தாமல் மேலே போக என் மனசாட்சி இடம் தரவில்லை. மனிதர்கள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. படங்கள் மேல்தான்.

‘கைஸ்லா’ என்ற சிற்றிணையத்தின் விதிநூல் நான் எழுதியது. வெறும் எழுத்து, வரிக்கு ஒரு லிங்க், அவ்வளவுதான். பக்கத்துக்குள் படம் கூடாது. லிங்க் எங்கே வேண்டுமானாலும் போகலாம். திறப்பதும் திறக்காததும் படிப்பவர் விருப்பம். உலகம் முழுவதும் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒருவன் என் மகன் இல்மோ.

நான்கு வருடங்களுக்கு முன் அவனுக்குப் பெண் பிறந்தது. தெற்கே தூர்க்குவிலிருந்து, வடக்கே நாங்கள் இருக்கும் ஓலுவுக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தான்.

“அப்பா, விதியைக் கொஞ்சம் தளர்த்துங்க. பக்கத்துல ஒரே ஒரு படம்.”

“இன்னிக்குக் குழந்தை படம். நாளைக்கு சோப்பு விளம்பரம்.”

“என் பொண்ணு சோப்பு இல்லப்பா.”

காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. இதில் நாங்கள் இருவரும் ஒரே அச்சு.

போன குளிர்காலத்தில் என் மனைவி ரைலி தனக்கும் கைஸ்லாவில் ஒரு பக்கம் வேண்டும் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தாறு வருட தாம்பத்தியத்தில் என் தொழிலை அவள் மதித்தது அதுதான் முதல் தடவை. ஞாயிறுதோறும் அவள் எழுதித் தருவாள். என் சோதனை நிரலில் போட்டுப் பார்ப்பேன். பிழை: பூஜ்யம். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. பெருமை தாங்காமல் அதை விதிநூலின் முகப்பிலேயே மாதிரிப் பக்கமாக வைத்துவிட்டேன்.

சென்ற வாரம் கனடாவிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: “உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? சௌனா நீராவிக் குளியலறைப் படியில் இனி பார்த்து இறங்குங்கள்.”

சமையலறைக்குப் போனேன். ரைலி கம்பு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“என் முழங்காலப் பத்தி ஊருக்கெல்லாம் எழுதினியா?”

“ஊருக்கு இல்ல. இல்மோவுக்கு. நாப்பத்தேழு வாரமா எழுதறேன். நீதான வாராவாரம் பாத்து சரின்னே.”

“நான் பிழையைத்தான பாத்தேன்.”

“தெரியும். அதான் உங்கிட்டயே குடுத்தேன்.”

“அவன் படிக்கிறானா?”

“பதிலே போடறான். ‘தெற்குக் காத்து’ன்னு ஒரு பக்கம் வரும் பாரு, போன மாசம்கூட நல்ல கட்டமைப்புன்னு நீ பாராட்டினியே. அது அவன்தான்.”

“பேர் போடலியே.”

“பேர் கட்டாயமில்லன்னு எழுதி வச்சது யாரு மனுஷா?”

அறைக்குத் திரும்பி, நான் நாற்பத்தேழு முறை சரிபார்த்த பக்கத்தை முதல் முறையாகப் படித்தேன். ‘அப்பாவின் கை இப்போது நடுங்குகிறது. சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மூன்று கோப்பை எடுத்துவைத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறார்.’ இருநூற்றுப் பதினோரு பேர் இதைப் படித்துவிட்டார்கள். பாக்கி நான் ஒருவன்.

பிறகு மகனுடைய பக்கம். கடைசி வரியில் ஒரு லிங்க்: ‘ஹில்லா, நான்கு வயது’. அமுக்கினேன். ‘இது படம். காட்ட இயலாது’ என்றது என் செயலி. அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்.

ரைலி மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் கணினியை என் முன் வைத்தாள். அதில் இருந்தது இல்மோ எழுதிய செயலி. ‘படம். காட்டவா?’ என்று கேட்டு நின்றது.

“நீயே அமுக்கு” என்றேன்.

“மாட்டேன். படிக்கிறவங்க விருப்பம்.”

அமுக்கினேன். என் காதுகளோடு ஒரு குழந்தை. கையில் தான் வரைந்த தாளைப் பிடித்திருந்தது. பனி, எங்கள் வீடு, பாட்டி. பாட்டி பக்கத்தில் ஒரு பழுப்புக் கட்டம்.

“இது என்ன?”

“நீதான். தாத்தா எப்பவும் உள்ள வேலையா இருக்கார்னு இல்மோ சொல்லியிருக்கான். மூஞ்சி அவளுக்குத் தெரியாதில்ல. அதான் கதவ வரைஞ்சிருக்கா.”

கைப்பிடிகூட வரைந்திருந்தாள். சரியான பக்கத்தில்.

“கதவு நல்லாருக்கு” என்றேன். மாவு காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அவள் என்னைப் பனி வாரும் மண்வெட்டியோடு வாசலில் நிற்கவைத்து, தொப்பியைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன்.

அந்த ஞாயிறு அவள் பக்கத்தில் ஒரு லிங்க் கூடியது: ‘தாத்தா, முன்புறம்’. செவ்வாய்க்கிழமைக்குள் தூர்க்குவில் ஒரே வீட்டிலிருந்து அதைப் பதினோரு முறை திறந்திருந்தார்கள்.