ஏ முதல் எல் வரை

ஒரு காலத்தில் எனக்குப் பாதி ஆங்கிலம் தெரியும். அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சரியாகப் பாதி. ஏ எழுத்தில் தொடங்கி எல் எழுத்து முடியும் வரை. அதற்குப் பிறகு வருகிற ஆங்கிலம் முழுவதும் உப்புக்குளத்தில், எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி, றிஸானாவிடம் இருந்தது.

றிஸானாவும் நானும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்தோம். அப்போது மன்னார் பட்டினத்தில் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் கள உதவியாளர் வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தல் ஒட்டினார்கள். ஒரே ஒரு வேலை. முதலில் ஆங்கிலச் சொல்லறிவும் வாசித்து விளங்குதலும் பார்க்க ஒரு பரீட்சை, அன்றே பின்னேரம் நேர்முகம்.

இருவரும் விண்ணப்பித்தோம். "ஆருக்குக் கிடைச்சாலும் மற்றவளுக்குச் சந்தோசம்தானே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். (பச்சைப் பொய். கிடைக்கப்போவது தனக்குத்தான் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு பேரும் அவ்வளவு பெருந்தன்மையாகப் பேசினோம்.)

எங்கள் வீட்டில் அந்த வேலை பெரிய விசயம். அப்பாவுக்குக் கடற்கரையில் ஒரு வாடி இருந்தது. மீனை வெட்டி, உப்பிட்டு, காயவைத்துக் கருவாடாக்குகிற கொட்டில். வெயில் காலத்தில் நாங்கள் எல்லோரும் அங்கேதான் நிற்போம். அப்பா என் கறுத்துப்போன கைகளைப் பார்த்து அடிக்கடி சொல்வார்: "பிள்ளை, நீ ஃபானுக்குக் கீழ கதிரை போட்டு இருக்கிற வேலைக்குத்தான் போகோணும். என்னோட இந்த வெயில் முடியட்டும்."

பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. றிஸானாவின் மாமி மகள் புத்தளத்திலிருந்து ஒரு சொற்புத்தகம் அனுப்பியிருந்தாள். ஆங்கிலச் சொல், எதிரே தமிழ்க் கருத்து, அகர வரிசையில். நூற்றுக்கணக்கான சொற்கள். புத்தகம் ஒன்று, நாங்கள் இருவர். ஒன்றாக இருந்து படிப்போம் என்று முதல் நாள் முயன்று பார்த்தோம். இரண்டு சொல் படித்தோம், இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். அது சரிவராது என்று தெரிந்ததும் றிஸானா உள்ளே போய்ப் பாண் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்தாள்.

"என்னடி செய்யப் போறாய்?"

"வெட்டுவம். நீ முதல் பாதி, நான் ரெண்டாம் பாதி. பதினைஞ்சு நாளில மாத்துவம்."

எல் எழுத்து முடிந்த இடத்தில் புத்தகம் இரண்டானது.

படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பாகப்பிரிவினையின் விபரீதம் புரிந்தது. பசிக்கு ஆங்கிலம் என்னிடம் இருந்தது, தாகத்துக்கு அவளிடம். புருசன் என் பக்கம், பெண்சாதி அவள் பக்கம். காதல் என்னுடைய கடைசிப் பக்கங்களில் இருந்தது. கல்யாணம் அவளுடைய முதல் பக்கத்தில். ஆனால் விவாகரத்து மட்டும் எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. (இதைச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளையள் கதைக்கிற கதையே இது?" என்று மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டார்.)

நான் வாடியில் படித்தேன். பாயில் பரப்பிய மீனை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடும்போது ஒவ்வொரு சொல். கட்டா மீனைப் புரட்டினால் அபண்டன்ட், ஏராளமான. பாரையைப் புரட்டினால் பெனிஃபிட், நன்மை. ஒரு பாய் முடிவதற்குள் ஓர் எழுத்து முடிய வேண்டும் என்று கணக்கு. உப்பும் செதிலும் ஒட்டி என் பாதிப் புத்தகம் பதினைந்து நாளில் பாதிக் கருவாடாகிவிட்டது. மணமும் அப்படித்தான்.

படித்த சொல்லை உடனே பாவிக்காவிட்டால் மறந்துவிடும் என்று எனக்கொரு பயம். அதனால் வீட்டில் யார் என்ன கேட்டாலும் ஒரு சொல்லைச் செருகிப் பதில் சொன்னேன். "சோறு காணுமோ பிள்ளை?" என்று அம்மா கேட்டால் "அடிகுவட், அம்மா" என்பேன், போதும் என்ற கருத்தில். அம்மா அதை ஏதோ வேண்டாத சொல் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க முகம் கொடுக்காமல் இருந்தார்.

இந்தச் செருகல் வியாதிதான் என்னைக் கவிழ்த்தது.

புத்தகம் மாற்ற இரண்டு நாள் இருக்கும்போது ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. றிஸானாவின் வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தில் புரியாணியும் ஒரு கோப்பையில் இனிப்புக்கு வட்டிலப்பமும் வந்தன. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா நல்ல அறக்குளாக் கருவாடு எடுத்து வைத்தார். நான் அதன்மேல் ஒரு வாழ்த்து மட்டை செய்து வைத்தேன். தமிழில் எழுதியிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. என் கெட்டித்தனத்தைக் காட்ட ஆங்கிலத்தில் எழுதினேன். புத்தகத்தை இரண்டாக வெட்டலாம் என்று கண்டுபிடித்தவள் அல்லவா, அவளைப் புகழ ஒரு சொல் தேடினேன். கன்னிங் என்று ஒரு சொல் இருந்தது. எதிரே 'சாமர்த்தியமான' என்று போட்டிருந்தது. வேறென்ன வேண்டும்? 'என் கன்னிங் சிநேகிதிக்குப் பெருநாள் வாழ்த்துகள்' என்று பூவெல்லாம் வரைந்து அனுப்பிவிட்டேன்.

அந்தச் சொல் றிஸானாவின் பாதியில் இல்லை. அவள் தன் நானாவிடம் கேட்டிருக்கிறாள். நானா கட்டாரில் நாலு வருசம் வேலை செய்து வந்த அண்ணன், ஆங்கிலம் தெரிந்தவர்.

இரண்டு நாள் கழித்து என் பாதிப் புத்தகத்தோடு போனேன். றிஸானா படலையைத் திறக்கவில்லை.

"கள்ளிக்கு எதுக்குப் புத்தகம்?"

"ஆரடி கள்ளி?"

"நீதானே எழுதி அனுப்பினாய். கன்னிங் எண்டு. நரிக்குச் சொல்ற சொல்லாம் அது. பெருநாளும் அதுவுமா எங்கட உம்மா அதை எல்லாருக்கும் காட்டிட்டா!"

"ஐயோ, அது சாமர்த்தியம் எண்டுதான் புத்தகத்தில கிடக்கு."

"காட்டு பாப்பம்."

படலைக்கு மேலால் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். அவள் ஒட்டியிருந்த ஒரு செதிலை நகத்தால் சுரண்டினாள். சாமர்த்தியமான என்ற சொல்லுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'வஞ்சகமான, நரித்தந்திரமுள்ள.'

ஒரு சூடை மீனின் செதில், அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்காமல், "நீ நானாட்டப் போய்க் கேக்காமல் என்னட்ட வந்து கேட்டிருக்கலாம்தானே" என்று நானும் கோபித்தேன். கோபத்தில் அவள் தன் பாதியைத் தரவில்லை. வீம்பில் நானும் என் பாதியைத் தரவில்லை. மிச்சமிருந்த பதினைந்து நாளும் ஏ முதல் எல் வரை இரண்டாம் தடவை படித்தேன். அவள் எம் முதல் இஸட் வரை இரண்டாம் தடவை படித்தாள் என்று பிறகு அறிந்தேன். எழுத்துக் கூட்டாமல், கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். எல்லுக்குப் பிறகு ஆங்கிலம் இருப்பதையே மறந்துவிட்டேன்.

பரீட்சை நாள் வந்தது. அலுவலக மண்டபத்தில் இருபது பேர் வரை இருந்தோம். றிஸானா எனக்கு முன் வரிசையில், ஒரு கதிரை தள்ளி. கொழும்பிலிருந்து வந்த ஒரு மிஸ் தாள்களைக் கொடுத்தார்.

சொல்லறிவுப் பகுதி. முதல் பக்கத்தைப் பார்த்தேன். நெக்லெக்ட். ஒப்ஸ்டினேட். ரிலக்டன்ட். ஒன்றுகூட எனக்கு முகந்தெரிந்த சொல் இல்லை. முன்னால் றிஸானாவின் முதுகு நிமிர்ந்துபோய்ப் பேனா கடகடவென்று ஓடியது. ஐந்து நிமிடம் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு, ஃபானின் இறக்கைகளை எண்ணிக்கொண்டு இருந்தேன். பிறகு பக்கத்தைப் புரட்டினேன். அபண்டன்ட்! அடிகுவட்! பெனிஃபிட்! வாடிப் பாயில் கிடந்த மீன்கள் எல்லாம் வரிசையாக எழும்பி வந்து நின்றன. நான் எழுதத் தொடங்கியதும் முன்னால் பேனாச் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். றிஸானா பேனாவின் வாலைக் கடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. வாயைப் பொத்தினாலும் தோள் குலுங்கியது.

"அங்க என்ன சிரிப்பு?" என்றார் மிஸ்.

பதினைந்து நாள் கோபம் அந்த இடத்தில் முடிந்தது. சண்டை தீர்ந்த சந்தோசத்தில் தலை கொஞ்சம் கிறுகிறுத்துப் போய்த்தான் அடுத்த பகுதிக்குப் போனேன். வாசித்து விளங்குதல். ஒரு நீளமான பந்தி, கீழே பத்துக் கேள்விகள். பந்தியின் தலைப்பு: மீனை உலர்த்தும் முறை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது பேர் இருக்கிற மண்டபத்தில் கருவாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள், அதுவும் என்னிடம்! பந்தியை வாசித்து நேரத்தை வீணாக்குவானேன்? நேரே கேள்விகளுக்குப் போனேன்.

பந்தியின்படி மீனை எத்தனை நாள் உலர்த்த வேண்டும்? 'அது காற்றைப் பொறுத்தது. சோழகம் என்றால் இரண்டு நாள்' என்று எழுதினேன். (சோழகக் காற்றுக்கு ஆங்கிலம் தெரியவில்லை. சோழகம் என்பதையே ஆங்கில எழுத்தில் எழுதினேன்.) பந்தியின்படி உலர்த்தும்போது ஏற்படும் முக்கிய இடையூறு எது? இதற்கு என் பாதிப் புத்தகம் வாரி வழங்கியது. காகம், நாய், பூனை, கழுதை. ஆங்கிலத்தில் கருவாட்டின் எதிரிகள் எல்லோரும் எல்லுக்கு முன்னால்தான் குடியிருந்தார்கள். ஆசிரியரின் கருத்துப்படி என்று தொடங்கிய கேள்விக்கு எங்கள் அப்பாவின் கருத்தை எழுதினேன். எல்லோருக்கும் முன்னால் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

பின்னேரம் நேர்முகம். மேசைக்கு அந்தப் பக்கம் அதே மிஸ், பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு ஐயா. மிஸ்ஸின் கையில் என் விடைத்தாள் இருந்தது.

"நீங்க பந்தியை வாசிச்சீங்களா?"

"ஓம் மிஸ்." ஒரு கணம் மனச்சாட்சி குத்தியது. "தலைப்பை வாசிச்சனான்."

"பந்தியில அஞ்சு நாள்னு இருக்கு. நிழல்ல உலர்த்தணும்னு இருக்கு. நீங்க ரெண்டு நாள்னு எழுதியிருக்கீங்களே?"

அந்தக் கணத்தில் நான் தலையைக் குனிந்திருக்க வேண்டும். ஆனால் ஐந்து நாள், அதுவும் நிழலில் என்று கேட்டதும் எனக்குள் இருந்த வாடிக்காரி எழும்பிவிட்டாள்.

"பந்தி பிழை, மிஸ்."

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"நிழலில போட்டா புழு வைக்கும் மிஸ். எங்கட வெயிலில அஞ்சு நாள் போட்டா அது கருவாடில்லை, விறகு. எழுதின ஆள் ஒரு நாளும் மீன் காயப்போட்டிருக்க மாட்டார்."

கண்ணாடி போட்ட ஐயா கொஞ்சம் முன்னுக்கு வந்தார். "அப்ப கீரி மீனுக்கு எத்தினை நாள், பிள்ளை?"

அவர் கேட்டிருக்கக் கூடாது. கீரி, சூடை, பாரை, கட்டா, திருக்கை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். உப்பு எவ்வளவு, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் பாயைத் திருப்புவது, எல்லாம் தமிழில். கடைசியில் மிஸ் எழும்பி நின்றுதான் என்னை நிறுத்தினார். "தாங்க்ஸ். நாங்க அறிவிக்கிறோம்" என்றார். ஐயா சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். கை கொடுத்தால் வேலை கொடுத்தது மாதிரித்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அப்பா பந்தியில் இருந்ததைக் கேட்டதும் எழும்பிவிட்டார்.

"நிழலிலயோ? எந்த மடையன் எழுதினவன்?"

"தெரியாது அப்பா."

"நீ விடாமல் சொன்னனிதானே?"

"சொன்னனான்."

அடுத்த நாள் மீன் சந்தையில் அப்பா கண்டவர்களுக்கெல்லாம், ஆங்கிலப் புத்தகத்திலேயே பிழை பிடித்த பிள்ளை என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா எனக்கு அலுவலகத்துக்கு உடுத்த ஒரு சேலையைக்கூட அலுமாரியிலிருந்து எடுத்து மடித்து வைத்தார்.

ஒரு கிழமை கழித்து றிஸானா வந்தாள். படலையடியிலேயே நின்றாள். அவளுடைய பாதிப் புத்தகம் கையில் இருந்தது.

"எனக்குக் கிடைச்சிருக்கு" என்றாள், ஏதோ களவு செய்தவள் மாதிரி. பிறகு, "எனக்குக் கருவாடு தட்டில வந்தாத்தான் தெரியும். அதால பந்தியை மூண்டு தரம் வாசிச்சன்" என்றாள்.

புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாடியில் போய், பாய் மறைவில் இருந்து நன்றாக அழுதேன். அப்பா கிட்ட வந்து இரண்டு மீனைப் புரட்டிப் போட்டார். பிறகு, "அவங்கட பந்தி பிழைதான்" என்று மட்டும் சொன்னார். சமாதானம் சொல்ல அவருக்கு அதுதான் தெரிந்தது. அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது.

மிச்சப் பாதியையும் படித்தேன். இரண்டு வருசத்துக்குப் பிறகு ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிவானேன். இப்போது தினமும் காலையில் முருங்கன் பஸ்ஸில் போய் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பந்தியை முதலில் வாசியுங்கோ, உங்கட வீட்டில் என்ன சொன்னாலும் பந்தியில் இருக்கிறதைத்தான் எழுதுங்கோ என்று வகுப்புக்கு வகுப்பு சொல்கிறேன். எந்த முகத்தோடு சொல்கிறேன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். என் கணவர் சந்தைக்குப் போய்ச் சொன்ன சாமானை விட்டுவிட்டு வேறு எதையாவது வாங்கி வந்தால், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு "பந்தி பிழை" என்கிறார். மகள் கணக்கில் புள்ளி குறைந்து வந்தால் அதையே சொல்கிறாள். றிஸானா இப்போது அந்த நிறுவனத்தில் பெரிய ஆள். அவளுடைய பிள்ளைகளும் சொல்கிறார்களாம்.

போன மாதம் அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பிரசர் கூடியிருந்தது. இளவயதுப் பெண் டொக்டர் ஒரு தாளை எடுத்து, சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதி, "ஐயாவுக்கு வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று என்னிடம் தந்தார். நான் வாசித்தேன். முதலாவது வரியிலேயே கருவாடு.

அப்பா தாளை வாங்கி, எழுத்துகளை ஒரு தரம் மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு அதை டொக்டரின் மேசையில் திருப்பி வைத்தார்.

"பந்தி பிழை, டொக்டர்."

டொக்டர் விளங்காமல் என்னைப் பார்த்தார். என்னால் விளக்க முடியவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்து, வாங்கில் உட்கார்ந்துகொண்டு றிஸானாவுக்குப் போன் எடுத்தேன். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பிறகுதான் பிரசர் எவ்வளவு என்று சொன்னேன்.