பனிக்கு அடியில் உயிரோடு இருப்பதற்கான படிவம்

மினசோட்டாவின் வடகோடியில் எந்த ஐரிஸ் பூச்செடி குளிரைத் தாங்கும், எது தாங்காது என்று அறுதியிட்டுச் சொல்ல ஐரிஸ் வளர்ப்போர் சங்கம் முடிவு செய்தது. நல்ல எண்ணம்தான். உறுப்பினர்கள் நாற்பத்தோரு பேரும் தங்கள் தோட்டத்தில் கண்டதை எழுதி அனுப்பினால், சேர்த்து ஒரு பட்டியல் போட்டுவிடலாம். அதற்கு ஒரு குழு அமைந்தது. குழு அமைந்தால் படிவம் இல்லாமல் இருக்குமா? பதினான்கு கட்டங்களோடு அதுவும் வந்தது.

உறுப்பினர்களில் ஒருத்தியான வெர்னாவுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. தானே விதைபோட்டு வளர்த்து, 'ஏரிப்பனி' என்று பேரும் வைத்த வெளிர்நீல ஐரிஸ் அவளிடம் இருந்தது. பட்டியலில் ஏறிவிட்டால் ஊரெல்லாம் அது பூக்கும். ஏறாவிட்டால் அவளோடு போய்விடும்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூட்டம். செயலாளர் ஆரின், சாலைத்துறையில் முப்பது வருடம் பள்ளங்களை அளந்து ஓய்வுபெற்றவர்.

"பதினோரு குளிர்காலம் தாங்கியிருக்குங்க," என்றாள் வெர்னா.

"குளிர்காலத்துல பார்த்தீங்களா?"

"எங்க பார்க்கிறது? மூணடி பனிக்குக் கீழ கெடக்கு. ஏப்ரல்ல பனி உருகினதும் எழுந்து வருது."

"அப்போ ஏப்ரல்ல உயிரோட இருந்ததுக்குத்தான் சாட்சி. ஜனவரிக்கு இல்ல."

"ஜனவரியில செத்திருந்தா ஏப்ரல்ல எப்படிங்க வரும்?"

"அது தனியா ஆராய வேண்டிய விஷயம்," என்று குறித்துக்கொண்டார் ஆரின்.

ஆகவே நான்காம் விதி பிறந்தது. டிசம்பர் தொடங்கிச் சனிக்கிழமைதோறும் உறுப்பினர் பனியை அகற்றி, செடியை நேரில் கண்டு, பதிவு செய்ய வேண்டியது. மீண்டும் பனியால் மூடுவது செடிக்குச் சலுகை காட்டியதாகக் கருதப்படும்.

"பனிதானேங்க அதுக்குப் போர்வை?"

"போர்வைக்குள்ள படுத்திருந்தவன் குளிரைத் தாங்கினான்னு எப்படி எழுதுறது, வெர்னா?"

விதி ஏகமனதாக நிறைவேறியது. வெர்னாவும் கை தூக்கினாள்.

முதல் சனிக்கிழமை வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது டிகிரி. மண்வாரியோடு பனிமேட்டின்மேல் நின்றாள். ஒரு வாரு வாரினாள். வாரியதை அப்படியே திருப்பிப் போட்டுத் தட்டிவிட்டு, உள்ளே வந்து காபி ஊற்றிக்கொண்டு எழுதினாள்: 'நேரில் கண்டேன். உயிரோடு உள்ளது.'

ஜனவரியில் பக்கத்து வீட்டு ஆர்டிஸ் வந்து படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, மார்ச் கடைசி வரைக்கும் எழுதி வச்சிருக்கே?"

வெர்னா முகம் சிவந்துபோனாள்.

"அதுக்கில்லடி, ஒரே பேனாவுல எழுதியிருக்கியே. நான் வாரத்துக்கு ஒண்ணு மாத்துறேன்."

மே மாதக் கூட்டத்தில் ஆரின் எழுந்தார். தொப்பி கையில் இருந்தது. ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் அவர் பனியை வாரியிருக்கிறார். இருபத்தாறு வகை ஐரிஸ். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"மத்த நாப்பது தோட்டத்துல ஒரு சாவுகூட இல்ல," என்றார். "நாப்பது பேர் கண்ணால பார்த்து எழுதினது தப்பா இருக்காது. என் மண்ணுலதான் ஏதோ கோளாறு. என் படிவத்தைக் கணக்குல சேர்க்க வேண்டாம்."

நாற்பது பேரும் அவரவர் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்னா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவர் பட்டியலை வாசிக்கத் தொடங்க, மூன்றாவதாக 'ஏரிப்பனி' வந்தது. திறந்த வாயில் ஒரு பிஸ்கட்டைப் போட்டுக்கொண்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு வகையும் கடுங்குளிர் தாங்கும் என்று பட்டியல் வண்ணத்தில் அச்சாகி வந்தது. ஒரு வாரம் கழித்து, வெர்னா பட்டியலைப் பார்த்து, தபாலில் செடி வரவழைக்க எழுத உட்கார்ந்தபோது ஆர்டிஸ் பக்கத்தில் இருந்தாள்.

"லூசியானா சதுப்பு ஐரிஸா? எனக்கு நவம்பர்லயே அழுகிப் போச்சேடி. நீயும்தானே கூட நின்னு பிடுங்கிப் போட்டே?"

"உனக்குப் போயிருக்கலாம். ஏழு தோட்டத்துல பிழைச்சிருக்குன்னு போட்டிருக்கு, பாரு."

"அந்த ஏழுல ஒண்ணு நான்தான்டி."

"மிச்சம் ஆறு பேர் இருக்காங்கள்ல?"

ஆர்டிஸ் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். விரலை வைத்து இரண்டு தரம் படித்தாள்.

"அதுவும் சரிதான்," என்றாள். "எனக்கும் ரெண்டு சேர்த்து எழுது."