இரண்டு சாண் மன்னன் நகர்புகு படலம்

வாழ்க, பசை உலராத பத்து விரல்களையுடைய, பொம்மை செய்யும் வேந்தன்! பழைய செய்தித்தாளைக் கூழாக்கி மந்திரிகளைப் படைத்தவன். உடைந்த குடைக்கம்பியால் குதிரைகளுக்கு முதுகெலும்பு தந்தவன். தேநீர் என்று நினைத்துத் தூரிகை கழுவிய தண்ணீரை மும்முறை பருகியும் கலங்காத வயிற்றினன்! அவன் புகழைப் பாடத் துணிந்தேன். கலைகளைக் காக்கும் தெய்வங்களே, என் நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளாமல் காப்பீர்களாக!

அவனுக்கு நிகரான வீராங்கனை உலகில் ஒருத்தியே. அவள் அவனுடைய அக்காள். அட்டைப்பெட்டிகளை அறுத்து அரண்மனை எழுப்புபவள், ஐஸ் குச்சிகளால் தூண் நிறுத்துபவள், சட்டைப் பொத்தான்களால் வாசல் வளைவில் தாமரை பூக்கவைப்பவள். பொம்மை நாடகம் ஒன்றுக்காகத் தம்பி தன் வீட்டில் மன்னனைச் செய்தான்; அக்காள் தன் வீட்டில் அரண்மனையைச் செய்தாள். அளவுகோலைத் தொடுவது அக்குடும்பத்தில் இழுக்கு. எல்லாம் கை அளவு, கண் கணக்கு.

"ராஜா என்ன உயரம்டா?" என்று தொலைபேசியில் வினவினாள் அக்காள்.

"கிரீடத்தோட சரியா ரெண்டு சாண்க்கா."

அவளும் இரண்டு சாணுக்கு மேல் ஒரு விரல் தாராளம் விட்டு வாசலை வெட்டினாள். அந்தோ! தம்பியின் கை முறம். அக்காளின் கை கரண்டி. எவர் உடம்பும் அவரவர் கையால்தான் எட்டுச் சாண் என்பதை அவ்விரு மேதைகளும் மறந்தார்கள்.

நாடகம் தொடங்க அரை மணி நேரம். திரைக்கு அப்பால் தரையில் நாற்பது குழந்தைகள் கடலென ஆர்ப்பரிக்க, திரைக்கு இப்பால், பகைவரை வென்று மீளும் மன்னன் ஒத்திகைக்காகத் தன் அரண்மனையை நோக்கிச் சிங்கமென நடந்து, இடியென மோதி, நின்றான். கிரீடம் வளைவில் இடித்தது. குனியவும் வழியில்லை, துடைப்பக் கழியைக் கழுத்தாகக் கொண்ட அவன் பிறவி வணங்காமுடி. அவன் உள்ளே போகாவிட்டால் நாடகமே இல்லை. ஏனைய காட்சிகள் யாவும் உள்ளேதான்.

மூண்டது போர்! தம்பி ரம்பத்தை உருவினான். அக்காள் இரு கைகளையும் விரித்து வாசலின் முன் மதிலாகி நின்றாள்.

"வாசல்ல கை வெச்சே, உன் ராஜாவை மொட்டைத் தலையோடதான் பார்ப்பே!"

"அக்கா, கிரீடம் இல்லாத ராஜாவைப் பார்த்தா காவக்காரனே வெளிய தள்ளிடுவான்!"

அக்காளின் கையில் கத்தரிக்கோல் மின்னியது. தம்பி மன்னனின் சிறு கிரீடத்தைப் பிடுங்கித் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு மூலைக்கு ஓடினான். அவள் துரத்தினாள். பசை டப்பா கவிழ்ந்தது, குதிரைகள் சரிந்தன, மந்திரி ஒருவர் அக்காளின் முழங்கையில் ஒட்டிக்கொண்டு போர் முடியும்வரை உடன் வந்தார்.

திரைக்கயிற்றைப் பிடித்திருந்த அக்காளின் கணவர் திரும்பிப் பார்த்தார்.

"பசங்க கைதட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ராஜா உள்ள வர்றாரா, இல்ல வாசல்லயே குடும்பம் நடத்தப் போறாரா?"

போர்க்களம் அடங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருவரும் எதிரெதிர் மூலைக்குப் பின்வாங்கினர். பழைய கைப்பைத் தோலில் இரண்டு நாள் தைத்த, நுனி சுருண்ட மன்னனின் காலணிகளைத் தம்பி நோக்கினான். 'நீள அங்கிக்குள்ள கால் யாருக்குத் தெரியப்போகுது? அக்கா நாலு நாள் தூங்கலை' என்று எண்ணி, கிரீடத்தை மன்னனுக்கே மீண்டும் சூட்டி, கண்களை மூடிக்கொண்டு, அவன் முழங்காலுக்குக் கீழே ரம்பத்தை இழுத்தான். அதே கணத்தில் அக்காள், 'சின்னப் பய, கிரீடத்தைத் தலையில வெச்சிட்டு என்னமா ஓடுறான்' என்று எண்ணி, உள்ளுக்குள் சிரித்து, தாமரைப் பொத்தான்கள் உதிர உதிர வாசல் வளைவை மேலே முழுதாக அறுத்தெறிந்தாள்.

திரை உயர்ந்தது. முரசு என்னும் பிஸ்கட் டப்பா அதிர்ந்தது. யானைப்படை அம்பாரியோடு நுழையத்தக்க மாபெரும் வாசலின் அடியில், மூவுலகும் நடுங்கும் மாமன்னன் எலியென உட்புகுந்தான்.

"ஐயோ, ராஜா துவைச்சதுல சுருங்கிட்டாரு!" என்று அலறியது ஒரு குழந்தை. அரங்கம் சிரிப்பில் உருண்டது.

"நீ ஏன்டா வெட்டுனே?"

"நீ ஏன்க்கா வெட்டுனே?"

மறுநாள் அக்காள் கடைக்குப் போய் இரண்டு ஸ்கேல் வாங்கி வந்தாள்.