புறாவாகப் பதவி உயர்வு பெற்ற காகம்

பறவைகள் படைக்கப்பட்டதே புகைப்படத்தில் விழுவதற்காகத்தான் என்ற மகத்தான உண்மையை உலகுக்கு அளித்த பெருமை, ஏரிக்கரைப் 'பறவை நேசர் சங்க'த்தையே சாரும். அதன் தூண்களில் ஒருவர் வங்கி மேலாளர். காமிரா வாங்கிய நாளிலிருந்து அவருக்குப் பறவை என்றால் உயிர். பறவைகளுக்கும் உயிர்தான் பெரிது. அவரைக் கண்டதும், கை இல்லாவிட்டாலும், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தன.

இந்த ஆண்டுப் போட்டியின் தலைப்பு 'அமைதி'. கரையை ஒட்டிய மண்திட்டில் வெள்ளை வெளேரென்று ஒரு கடற்காகம் உட்கார்ந்திருந்தது. சங்கத் தலைவரான பல் டாக்டர் அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டினார்.

"காகம்னு போட்டா எவன் பரிசு குடுப்பான்?"

"கடற்புறான்னும் சொல்லுவாங்களே டாக்டர்," என்றார் மேலாளர். "புறான்னாலே அமைதிதானே!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. விண்ணப்பம் போடாமலே காகம் புறாவாகப் பதவி உயர்வு பெற்றது. ஆனால் பதவி கிடைத்தவர்களின் வழக்கப்படி, இருந்த இடத்தை விட்டு அசைய மறுத்தது.

மேலாளருக்கோ இறக்கை விரித்த படம்தான் வேண்டும். வருஷா வருஷம் ஆறுதல் பரிசு வாங்கியே ஆறுதல் இல்லாமல் போனவர் அவர். கல்லெறிவது சங்க விதிகளுக்கு விரோதம். எனவே பறவைக்கு 'ஊக்கமளிப்பது' என்று முடிவாயிற்று. கைதட்டி ஊக்கமளித்தார்கள். விசிலடித்தார்கள். டாக்டர் தம் பங்குக்குக் கார் ஹாரனால் ஊக்கமளித்தார்.

காமிராவின் முக்காலியைச் சுமந்து வந்த மேலாளரின் மனைவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, அது முட்டை மேல உக்காந்திருக்கு. விட்டுடுங்க."

"ஒரே ஒரு கிளிக்மா. எனக்குப் பறவைன்னா எவ்வளவு பிடிக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குப் பிடிக்கும். அதுக்கு உங்களைப் பிடிக்கணுமே!"

மேலாளர் தண்ணீரில் இறங்கினார். கடற்காகம் அலறிக்கொண்டு எழும்பி, அவர் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தது. காமிராக்கள் பொரிந்து தள்ளின. அந்தச் சமயம் பார்த்து, பதவி உயர்வு பெறாத சாதாரணக் காக்கைகள் திட்டில் இறங்கி முட்டைகளைக் கொத்திக்கொண்டு போயின. முக்காலியை ஓங்கிக்கொண்டு ஓடிய மனைவிக்குச் சேற்றில் கால் புதைந்ததுதான் மிச்சம். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பாரேன், என்ன ஒரு உணர்ச்சி!" என்றார் மேலாளர், காமிராத் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

முதல் பரிசு அவருக்கே. பரிசளிப்பு விழா மேடையில், கதறும் பறவைக்குக் கீழே பொன்னெழுத்தில் 'அமைதி' என்று பொறித்திருந்தார்கள். "வாயை எவ்வளவு அழகாத் திறந்திருக்கு பாருங்க!" என்று தொழில்முறையில் வியந்தார் டாக்டர்.

"அது உங்களையெல்லாம் திட்டுதுங்க," என்றாள் மனைவி, முன்வரிசையிலிருந்து சத்தமாகவே. பலத்த கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

அடுத்த ஆண்டுத் தலைப்பையும் டாக்டர் மேடையிலேயே அறிவித்தார்: 'அழிந்துவரும் பறவைகள்'. அதற்கான பணிகளைச் சங்கம் இந்த ஆண்டே தொடங்கிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.