மாமாவின் சூப்பர்சார்ஜர் குறித்து

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. முறையை மீற வேண்டாமே என்று எழுதிவிட்டேன். நீயும் உன் வீட்டாரும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் "மாமா" என்று வாயைத் திறந்ததுமே உன் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் உன் அப்பாவும் அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கூபே காரும்தான். பார்வை மங்கிவிட்டது, இனி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொன்னபோது, வண்டியை விற்றுத் தலைமுழுகிவிடுவார் என்று நாங்கள் நினைத்தோம். அவரோ சாவியை என் கையில் வைத்து, "இனிமே நீங்க ஓட்டுங்க மாப்பிள்ளை, நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கறேன்" என்றார். மச்சான், நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். எனக்குத் தெரிந்த ரிப்பேரெல்லாம் ஒற்றுப்பிழைதான். கேட்டுக்கறேன் என்றால் சும்மா கேட்கிற ஆளா அவர்? நான் கியர் மாற்றும்போதெல்லாம் பல்வலிக்காரர் மாதிரி முனகுகிறார்.

அந்த வண்டிக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. அதன் இன்ஜின் மேல் சூப்பர்சார்ஜர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளையின் வாயில் சோற்றைத் திணிக்கிற மாதிரி இன்ஜினுக்குள் காற்றைத் திணிப்பது அதன் வேலை. போன வருஷம் நீ அவரிடம் போனில், "அந்தப் பழைய வண்டி இனிமே என்னத்தப்பா இழுக்கும்" என்றாயாம். நீ மறந்திருப்பாய். அவர் மறக்கவில்லை. மறுநாளே மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார். இந்த மெக்கானிக் எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பவர் ஆதலால், அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. "இழுவை கூடணும்பா, என் பையன் வந்து ஓட்டினா அசந்துபோகணும்" என்றார் மாமா. "பாக்கலாங்க." பெல்ட் ஓடுகிற புல்லியைச் சின்னதாக மாற்றினால் சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுற்றுமாம். மாற்றினார்கள். புல்லி சின்னதானதும் பெல்ட் தொளதொளத்தது. பெல்ட்டை மாற்றியதும் இன்ஜின் கொதித்தது. கொதிப்பை அடக்கப் புதுப் பம்ப்பைப் போட்டதும், இவ்வளவு பலத்தை என்னால் தாங்க முடியாதப்பா என்று கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. கிளட்சுக்காகத் தூக்கிப் பார்த்தால் அடியில் இருக்கிற ரப்பரெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. உன் அக்கா சாப்பாட்டு மேஜையில், காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் தட்டுப் போடுகிறாள். வண்டியை ஸ்டார்ட் செய்தால் பெரிய கொசு ஒன்று மைக்கைப் பிடித்துப் பாடுகிற சத்தம். மாடியில் இருப்பவர் இறங்கி வந்து என்னிடம், "உங்க வீட்ல யாருக்காவது பிரசவ வலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாமாவுக்கு மட்டும் முகமெல்லாம் பூரிப்பு. "சுதி ஏறியிருக்கு மாப்பிள்ளை, கேக்குதா?"

போன ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோடியில் இருக்கிற ஏற்றத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார். எனக்கு முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். "அழுத்துங்க மாப்பிள்ளை." "லாரி இருக்கு மாமா." "லாரி இருக்கறதாலதான் சொல்றேன், அழுத்துங்க." அழுத்தினேன். பொய் சொல்ல மாட்டேன் மச்சான், முதுகில் யாரோ இரண்டு கையாலும் தள்ளின மாதிரி இருந்தது, லாரி எங்கே போச்சுன்னே தெரியல, மாமா குழந்தை மாதிரி கைதட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பானட்டுக்குள் டமார் என்று ஒரு ஹோஸ் வெடித்துவிட்டது. கண்ணாடி முழுக்க வெந்நீரும் ஆவியும். நின்றுபோனோம். மாமா கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பி, "மழையா மாப்பிள்ளை?" என்றார். "ஆமா மாமா, நல்ல மழை." வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. மெக்கானிக் பார்க்கலாம் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார். வீட்டு வாசலில் இறங்கும்போது மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவன் கேட்டா, மழையில நின்னுபோச்சுன்னே சொல்லுங்க. இழுக்கலன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

என்னால் இனி முடியாது. நீ வந்து உன் அப்பாவையும் அவருடைய வண்டியையும் சேர்த்து அழைத்துப்போ. ஒன்றை விட்டு மற்றது வராது என்பதால் இரண்டையும் சொல்கிறேன். உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நீடூழி வாழட்டும். உன் புது வண்டி என்றைக்கும் சத்தமே போடாமல் ஓடட்டும். இக்கடிதத்தில் பிழை இருக்காது. இருந்தால் என்னிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டியவன்

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள். தபாலில் போடுவதற்குள், தம்பி வந்து கூட்டிக்கொண்டு போவான் என்று உன் அக்கா அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. பார்க்கலாத்தைப் போனில் கூப்பிட்டு, "வண்டிய எடுத்துட்டுப் போப்பா, பிரிச்சு வித்துக்கோ" என்றார். வண்டி போனது. காலி ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் பசி இல்லை. நான் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். வீட்டில் அப்படி ஓர் அமைதி மச்சான், மாடிக்காரரே இறங்கி வந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கெஞ்சினேன். கழற்றியதையெல்லாம் மறுபடி பூட்டச் சொல்லி, நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். தெருமுனையில் சத்தம் கேட்டதுமே எழுந்துவிட்டாராம். வந்து நின்றதும் பானட்டைத் தடவிப் பார்த்து, "ரெண்டாவதுலேருந்து மூணாவதுக்கு லேட்டா மாத்தறீங்க" என்றார். ஷெட்டிலேயே நின்றபடி சாப்பிட்டார்.

ஆகவே கூட்டிக்கொண்டு போக வராதே, சும்மா வா. ஆனால் சீக்கிரம் வா. கிளட்ச் ரொம்ப நாள் தாங்காது என்கிறார் பார்க்கலாம். மாமாவின் நெஞ்சைப் பரிசோதித்த டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறார். வண்டியில் சீட் இரண்டுதான். நான் இறங்கிக்கொள்கிறேன்.