கஞ்சி போட்ட கைப்பிடி

"ஏத்தா, அடுப்புல பால் பொங்கி வழியுது. அதைப் பாக்காம மோட்டார் சைக்கிள் கைப்பிடியைப் பத்தி என்கிட்ட என்ன கேள்வி? நான் என்ன ஒர்க் ஷாப்பா வச்சிருக்கேன்? எம் மகன் ஆசையா கிளச்சுப் பிடி, பிரேக்குப் பிடி, கைப்பிடி ரப்பரு எல்லாம் புதுசா மாத்துறான். மாத்திட்டுப் போறான். நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்னு என்னைப் போட்டுக் குடையுறியே, அந்தக் கதை ஒனக்குத் தெரிஞ்சே ஆகணுமா? தெரிஞ்சு என்ன செய்யப் போற? ஒங்க ஆத்தா வீட்டுக்கு போன் போட்டு ஒப்பிக்கப் போற. அம்புட்டுத்தானே?"

மருமகளை இப்படி வைதுவிட்டு, பாலை இறக்கச் சொல்லிவிட்டு, நானே அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். (சொல்லாம இருக்க முடியுமா? எனக்கு வயித்துல எதுவும் தங்காது.)

மோட்டார் சைக்கிளில் மனுசனும் அந்த மிருகமும் பேசிக்கொள்கிற இடம் கைப்பிடிதான். அங்கே பேச்சு முறிந்தால் அப்புறம் சாமிதான் பஞ்சாயத்துக்கு வரவேண்டும். இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. (நான் படிச்ச படிப்புக்கு 'அ'னாவுக்கு அடுத்த எழுத்துக்கே தொணைக்கு ஆள் வேணும்.) திருச்சுழியில், தேரோடும் வீதியில், பட்டுச்சேலை கட்டி, மடியில் தாம்பூலத் தட்டை வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றிப் படித்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அருப்புக்கோட்டையில் எங்களுக்குத் தறி. வெளியில் தமிழ், வீட்டுக்குள் தெலுங்கு. என் வீட்டுக்காரர் நெய்யத் தறிக்குழியில் இறங்கினால் சோற்றுக்குத்தான் தலையைத் தூக்குவார். அவருக்கு ஒரே தங்கச்சி. அவளுக்குக் கூடிவந்த இரண்டு சம்பந்தம் கடைசி நேரத்தில் தட்டிப் போயிருந்தது. இதுவும் தட்டினால் 'அந்தப் பொண்ணுக்குச் சுழி சரியில்லை' என்று ஊரே முடிவு கட்டிவிடும். அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். இவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

அப்போதுதான் திருச்சுழியிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை தங்கம். மாப்பிள்ளையைப் பெற்ற அம்மா உரைகல். பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டது. நாங்கள் போய்த் தாம்பூலம் மாற்றினால் முடிந்தது. ஆனால் அந்த அம்மா தரகரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்: "பொண்ணு வீட்டுக்காரக பஸ்ஸுல கசங்கிப் பிழிஞ்சு வந்து நின்னா எங்க தெருவுல எனக்கு என்ன மரியாதை?"

இவருக்குச் சுருக்கென்றது. நேரே நூல்கடை அண்ணாச்சியிடம் போனார். அண்ணாச்சியிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒரு தடவை அதிலிருந்து விழுந்த பிறகு அதைக் கடை வாசலில் நிலைக்கு வந்த தேர் மாதிரி நிறுத்தியிருந்தார்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க தம்பி. சின்னச் சின்னக் கொறைதான். கைப்பிடி ரெண்டுலயும் ரப்பரு கழண்டுபோச்சு. கிளச்சுப் பிடி பாதி ஒடைஞ்சிருக்கு, மீதிப் பாதி இருக்குல்ல! முன்பிரேக்குப் பிடி சும்மா அழகுக்கு. சாவி தொலைஞ்சுபோச்சு, அதனால பின்சீட்டுக்கு அடியில ரெண்டு வயரை முறுக்கி விட்டிருக்கேன். அணைக்கணும்னா பிரிச்சுவிட்டாப் போதும்."

"பெருசா கொறை ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி?"

"சேச்சே! வண்டி குதிரை."

(குதிரைன்னா சும்மாவா? அது கடிக்கவும் செய்யும்.)

வண்டி எங்கள் வாசலுக்கு வந்தபோது நான் பிளந்த வாய் இன்னும் மூடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பும் வெள்ளியுமாக அப்படி ஒரு மினுமினுப்பு. அது உறுமியதில் எங்கள் அடுக்குப்பானைகள் தாளம் போட்டன. பெட்ரோல் டாங்கியில் குனிந்து பார்த்தால் என் முகம் பூசணிக்காயாகத் தெரிந்தது. சாமி என்று நினைத்துத் தொட்டுக் கும்பிட்டேன். புகைக்குழாயைத் தொட்டுவிட்டேன். விரல் வெந்துபோனது. சாமிதான் என்று உறுதியாகிவிட்டது.

அப்புறம்தான் இவர் கையைப் பார்த்தேன். கடையிலிருந்து வீடு வரை ஓட்டியதற்கே வெறும் கம்பி பட்டு உள்ளங்கை கன்றியிருந்தது. நெசவுக்காரர் கை சொரசொரத்தால் இழை மாட்டும், இழை அறுந்தால் அடுப்பு அணையும்.

"ரப்பரு இல்லாட்டி என்ன? நம்மகிட்ட நூலுக்கா பஞ்சம்?" என்றேன்.

தறியில் நீட்டும் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போட வைத்திருந்த கஞ்சியில் புளியங்கொட்டைப் பசையைக் கலந்தேன். சிவப்பு நூலை அதில் முக்கி, இரண்டு கைப்பிடியிலும் இழை பிசகாமல் நெருக்கிச் சுற்றினேன். ஓரத்தில் பச்சைக் கரை வேறு. உடைந்த கிளச்சுப் பிடியோடு நாடாவுக்குள் வைக்கும் நூலைச் சுற்றுகிற தார்க்குச்சி ஒன்றைச் சேர்த்துக் கட்டி நீளமாக்கினேன். தெருவே வந்து பார்த்தது. இவர் தடவிப் பார்த்துவிட்டு, "சீலை மாதிரி இருக்கு" என்றார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த மனுசன் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். இடது கைப்பிடி சும்மா பிடித்துக்கொள்ள. வலது கைப்பிடி சுழல வேண்டியது. திருகினால் வேகம் கூடும், விட்டால் தானாகத் திரும்பி வேகம் குறையும். நானோ, சுழல வேண்டியதையும் சுழலக்கூடாத கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கிச் சுற்றிவைத்திருந்தேன். (பாவு நீட்டத் தெரிஞ்சவளுக்கு உலகமே பாவுதான்.)

கஞ்சி ஈரமாக இருந்தவரை கைப்பிடி சொன்ன பேச்சைக் கேட்டது. ஊரைத் தாண்டினோம். பருத்திக்காடும் கருவேலங்காடும் பின்னால் ஓடின. எனக்கு முன்னால் இவர் முதுகு. தறிக்குழியில் வளைந்தே பார்த்த முதுகு, அன்றைக்கு ராஜா மாதிரி நிமிர்ந்திருந்தது. 'அடேயப்பா, இவரையா நான் கட்டியிருக்கேன்' என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் சீமை வெயிலைத்தான் உங்களுக்குத் தெரியுமே. துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அப்பளமாகிவிடும், கஞ்சி எம்மாத்திரம்? திருச்சுழி கோபுரம் தெரிந்த இடத்தில் இவர் சொன்னார்:

"ஏய், வலது கைப்பிடி திரும்ப மாட்டேங்குது."

"நல்லதுதானே, கெட்டியா இருக்கு."

"கெட்டியாத்தான்டி இருக்கு! எமன் பிடிச்ச மாதிரி கெட்டியா இருக்கு! வேகம் கொறையல!"

கிளச்சைப் பிடித்தார். தார்க்குச்சி 'டொக்'கென்று கழன்று ஒரு ஆட்டின் மேல் விழுந்தது. மீதமிருந்த பாதிப் பிடி விரலுக்கு எட்டவில்லை. கால் பிரேக்கை மிதித்தார். வண்டி கனைத்ததே தவிர நிற்கவில்லை.

"வயரைப் பிரி!"

"வயரு எங்க இருக்கு?"

"நீ உக்காந்திருக்க எடத்துக்குக் கீழ!"

"அப்ப நான் எறங்கணுமே?"

"எறங்கணும்னா வண்டி நிக்கணும்டி!"

"வண்டி நிக்கணும்னா நான் எறங்கணும்ங்க!"

இதைப் பேசி முடிப்பதற்குள் தேரோடும் வீதிக்குள் நுழைந்துவிட்டோம். மாப்பிள்ளை வீடு அங்கேதான். வாசலில் கோலம். கையில் தண்ணீர்ச் சொம்போடு மாப்பிள்ளையின் அம்மா, பின்னால் சொந்தபந்தம்.

"வாங்க, வாங்க!" என்றார் அந்த அம்மா.

"வாரோம், வாரோம்!" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனோம்.

நேரே விட்டால் சந்தைக் கூட்டம். அதனால் இவர் கோயில் மதிலை ஒட்டியே திருப்பினார். எங்கள் நல்ல காலம், வலப்பக்கமாகத் திரும்பினார். இடப்பக்கம் திரும்பியிருந்தால் சாமி குற்றமாகி இந்தக் கதையைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். மறுபடியும் அதே வாசல் வந்தது. சொம்பு அப்படியே இருந்தது, அந்த அம்மாவின் புருவம் மட்டும் மேலே ஏறியிருந்தது.

"எங்க போறீக?"

"இங்கதான் வாரோம்!" என்று கும்பிட்டபடி மறுபடியும் தாண்டினேன். மடியில் தேங்காய் உருண்டது.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பயம் வந்தால் வாயில் தெலுங்குதான் வரும். வண்டியைப் பார்த்து, "ஆகு! ஆகு!" என்று அலற ஆரம்பித்தார். தெலுங்கில் அதற்கு 'நில்லு' என்று அர்த்தம். கோயில் வாசலில் இருந்த பூக்காரம்மாவுக்குத் தெலுங்கு தெரியாது. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஆகும், ஆகும்னு வாக்கு வருது! யாத்தே, அருள் வந்து சுத்துறாக!"

அவ்வளவுதான். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ எங்கள் மேல் பூவை வீசினார்கள். ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எம் மகனுக்கு வேலை ஆகுமா சாமி?" என்று கூடவே ஓடிவந்தார். இவர், "ஆகு! ஆகு!" என்றார். பெரியவர் அங்கேயே விழுந்து கும்பிட்டார்.

மூன்றாம் சுற்றில் எனக்குப் பயம் போய்விட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், அத்தனை பெரிய கோபுரம் எங்களைச் சுற்றி மெதுவாக நடந்துகொண்டிருந்தது. நிற்கிற கோபுரத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நடக்கிற கோபுரத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மேலெல்லாம் புல்லரித்தது. 'அப்பனே, என் நாத்தனாரை இந்த வாசலில் கொண்டுவந்து சேர்த்துவிடு' என்று நிஜமாகவே கும்பிட்டேன்.

சாமி உடனே புத்தியைக் கொடுத்தது.

"ஏங்க, ஆத்துக்கு விடுங்க! குண்டாத்துல மணலுதான கெடக்கு!"

வண்டி ஆற்றுக்குள் இறங்கியது. எங்கள் ஆற்றில் தண்ணீர் இல்லாததற்காக நான் சாமிக்கு நன்றி சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மணலில் சக்கரம் புதைந்து, இருமி, அணைந்தது. இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வெற்றிலை நாலு பக்கமும் விழுந்தோம்.

நிமிர்ந்து பார்த்தால் கரை முழுக்க ஜனம், முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா. முடிந்தது, நாத்தனார் கல்யாணம் மூன்றாவது தடவையும் போச்சு. இவர் மணலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

எனக்கு என்ன தோன்றியதோ, இரண்டு கையாலும் மணலை அள்ளி, ஆற்றுத்தண்ணீரைப் போல என் தலையிலும் அவர் தலையிலும் தெளித்தேன். "எங்க வேண்டுதல் நெறைஞ்சுபோச்சு! வீதி சுத்தி, ஆத்துல எறங்கியாச்சு!" என்று கத்தினேன். கரையில் குலவை கிளம்பியது.

அந்த அம்மா மட்டும் குலவை போடவில்லை. மெதுவாக மணலில் இறங்கி வந்தார். கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார், 'டங்டங்' என்றது. என் காதருகே குனிந்து, தெலுங்கில், "ஆகலேதாம்மா?" என்றார். நிக்கலையாம்மா என்று கேட்கிறார்.

அப்போதுதான் உறைத்தது. நாங்களெல்லாம் ஒரே இனம். அவர் வீட்டுக்குள்ளும் தெலுங்குதானே! முதல் 'ஆகு'விலேயே அந்த அம்மாவுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. (கஞ்சி அதுலயும் பட்டுருச்சுன்னு நெனைச்சேன்.)

அந்த அம்மா என் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். "எம் மகன் வாயில்லாப் பூச்சி. இப்பிடி ஒரு வாயி இருக்க வீட்டுல சம்பந்தம் பண்ணாத்தான் அவன் பொழைப்பான்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். பிறகு கரையைப் பார்த்து, "நல்ல சகுனம்! தட்டை எடுத்துட்டு வாங்க!" என்று சத்தம் போட்டார். என்ன மனுசி! கோபுரத்துக்கு அடுத்தபடியாக நான் அண்ணாந்து பார்த்தது அவரைத்தான்.

மணலிலேயே தாம்பூலம் மாற்றினோம். நாத்தனார் இன்றைக்குப் பேத்தி எடுத்துவிட்டாள். புருசனோடு சண்டை வந்தால் எனக்குத்தான் போன் வரும்: "மதினி, அன்னைக்கு நீ மட்டும் ஒழுங்கா ரப்பரு மாட்டியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்." எங்கள் வீட்டில் யாராவது பிடித்த பிடியை விடாமல் அடம்பிடித்தால், "கஞ்சி போட்டாச்சு, விடாது" என்பார்கள். என் மகன் புது வண்டி வாங்கினால் முதல் வேலையாகக் கைப்பிடியையும் பிடிகளையும் மாற்றுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? என் கை படுவதற்குள் மாற்றிவிடுகிறான்.

அன்று நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். மோட்டார் சைக்கிள் எங்களுக்குப் பின்னால் மாட்டு வண்டியில் படுத்தபடி ஊர் வந்து சேர்ந்தது. தெருப்பெண்கள் கூடிவிட்டார்கள். "ஏக்கா, கம்பீரமாப் போன வண்டி ஏன் மாட்டு வண்டியில வருது?" என்று கேட்டார்கள்.

நான் சேலையில் ஒட்டியிருந்த மணலைக்கூடத் தட்டாமல் சொன்னேன்: "அந்த ஊருக்குப் பேரே சுழிடி. அங்க போன வண்டி மூணு சுத்து சுத்தி ஆத்துல எறங்கணும். எறங்குன வண்டி அன்னைக்குப் பூரா தரையில கால் வைக்கக்கூடாது, சாமி குத்தம்."