புதிருக்கு முன் தின்ற கிழங்கு

எட்மண்டன், லண்டன்
ஆவணி 1989, வெள்ளிக்கிழமை

பேரன்புக்குரிய அக்கா கமலாம்பிகைக்கு,

தம்பி கணேசலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். நம்ப வேண்டாம். தவநாயகியும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலம். நான் நலமில்லை. நாளைக்குப் பிறகு எங்களுக்கு இருக்க இடம் உண்டா என்பதே தெரியாது. ஆகவே இதை வாசித்த கையோடு சந்நிதி முருகனுக்கு என் பெயரில் நூறு தேங்காய் உடைப்பதாக நேர்ந்துவிடுங்கள். இக்கடிதம் யாழ்ப்பாணம் வந்து சேர மூன்று கிழமை எடுக்கும் என்பது எனக்கும் தெரியும். முருகனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டல்ல.

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கும் நான் ஒன்றும் செய்யவில்லை என்று போன கடிதத்தில் ஏசியிருந்தீர்கள். செத்தவீட்டுக்கே வர முடியாதவன், இங்கே ஐயருக்கு எங்கே போவேன் என்று இருந்துவிட்டேன். அதுதான் இப்போது சுற்றி வளைத்து வந்து பிடித்திருக்கிறது போலும்.

எங்கள் வீட்டுக்காரர் மிஸ்டர் ஒனுவோராவைப் பற்றி முன்பே எழுதினேன். நைஜீரியாவின் இக்போ இனத்தவர், பஸ் ஓட்டுகிறார். பிள்ளைத்தாச்சியைக் கண்டதும் மற்ற வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திய நாளில் மேல் அறையைத் திறந்துவிட்ட மனிதர். குசினி மட்டும் இரண்டு குடும்பத்துக்கும் பொது. அந்தப் பொதுக் குசினியில்தான் எனக்குச் சனி பிடித்தது. தவநாயகிக்கு இராசவள்ளிக் கிழங்குக் கஞ்சியில் ஆசை. பிள்ளைத்தாச்சி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காது வடியும் என்று எழுதியது நீங்கள்தான், ஆகவே இதில் உங்களுக்கும் பங்குண்டு. திங்கட்கிழமை வேலையால் வந்தபோது குசினி மேசையில் கால் பருமனில் ஒரு கிழங்கு கிடந்தது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வெட்டி, தகரத்தில் வரும் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சினேன். நிறம் மட்டும் வெள்ளை, மற்றப்படி குறை சொல்ல ஏதுமில்லை. அவள் சட்டியை வழித்துத் தின்றாள், நானும் கூடவே வழித்தேன்.

மறுநாள் மிஸ்டர் ஒனுவோரா எங்களைக் கீழே அழைத்து இருத்தி, விருந்தினருக்குக் கொடுக்கும் கோலாக் கொட்டையை உடைத்துத் தந்து, சனிக்கிழமை புதுக் கிழங்குத் திருவிழாவுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார். அவர்களுக்குக் கிழங்குதான் பயிர்களின் ராசா. அறுவடையான புதுக் கிழங்கை மூத்தவர் கடவுளுக்கும் முன்னோருக்கும் படைத்து, வெட்டி, தான் முதலில் தின்னும்வரை ஒருவரும் வாயில் வைக்கக்கூடாதாம். வைத்தால் நிலமே கோபிக்குமாம். புது நெல்லைச் சாமிக்குப் படைத்த பிறகே உண்ணும் எங்கள் புதிர் மாதிரித்தான், அக்கா. லண்டனில் இருக்கும் அவருடைய ஊராருக்கு இவர்தான் மூத்தவர். அதற்கென்றே நைஜீரியாவின் எனுகு நகரிலிருந்து விமானத்தில் வந்த கிழங்கு இந்த வீட்டில்தான் இருக்கிறது என்றார்.

“நானே இன்னும் நாக்கில் வைக்கவில்லை, மிஸ்டர் கணேஷ்,” என்று சொல்லிச் சிரித்தார்.

கோலாக் கொட்டையை மெல்லாமலே விழுங்கிவிட்டேன். புதிர் எடுக்குமுன் ஒரு பிடி புது அரிசி தின்றதற்கு அப்பா என்னைப் பனைமட்டையால் வெளுத்தது நினைவிருக்கிறதா? அது எங்கள் வீட்டு அரிசி. இது இன்னொருவருடைய முன்னோருக்கு வைத்த படையல். என் பிள்ளை பிறக்குமுன்னே அதில் பங்கு தின்றுவிட்டது. உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நிறைமாதக்காரியோடு தெருவில் நிற்கும் காட்சி கண்ணுக்குள் வந்ததும் வாய் கட்டிக்கொண்டது.

டால்ஸ்டன் சந்தையில் அதே கிழங்கு கிடைக்கும். ஆனால் விற்பவர்களில் பாதிப் பேர் அவருடைய ஆட்கள். நான் வீடு வருமுன் செய்தி வந்துவிடும். ஆகவே டூட்டிங் போய் எங்கள் ஆள் முருகேசனின் கடையில் அதே நீளத்தில், அதே மண்ணிறத் தோலோடு ஒரு கிழங்கைத் தேடிப் பிடித்தேன். திரும்பும் ரயிலில் அதை மடியில் வைத்திருந்தபோதுதான் மூளை வேலை செய்தது. நான் வாங்கியது அசல் இராசவள்ளி. வெட்டினால் ஊதா.

ஆனாலும் அதையே குசினி மேசையில், பழையது கிடந்த இடத்தில் வைத்தேன். தவநாயகி, “இஞ்சாருங்கோ, அந்தக் கிழங்கு...” என்று தொடங்கினாள். நீர் சும்மா இரும் என்றேன். நேற்றும் தொடங்கினாள், நேற்றும் அடக்கினேன். பயந்தவளை மேலும் பயப்படுத்துவானேன். இன்று மாலை மிஸ்டர் ஒனுவோரா அந்தக் கிழங்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஏன் அசைத்தார்? நாளைக்குத் தேவாலய மண்டபத்தில் சனம் பார்த்திருக்க அதைத்தான் வெட்டப்போகிறார். வராமல் இருக்கவும் ஏலாது, எங்களுக்கு முன்வரிசையில் இடமாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். பதிலை முருகேசனின் கடை விலாசத்துக்கே போடுங்கள். எல்லாம் வல்ல முருகன் உங்களைக் காக்கட்டும், நேரம் மிஞ்சினால் என்னையும்.

என்றும் உங்கள் தம்பி,
கணேசலிங்கம்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். நாங்கள் தின்றது போன வருடத்துக் கிழங்கு. புதுக் கிழங்கு வெட்டுமுன் பழையது எல்லாம் தின்று முடிய வேண்டும், இல்லாவிட்டால் எறிய வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். வீட்டுக்காரரின் மனைவிதான், “ஆசையாகப் பார்க்கிறாயே, சமைத்துத் தின்” என்று தவநாயகிக்காக மேசையில் வைத்திருக்கிறார். இரண்டு நாளாக அவள் சொல்ல வந்தது அதைத்தான். எனுகுக் கிழங்குகள் அவர்களுடைய படுக்கையறையில் பத்திரமாக இருந்தன. மண்டபத்தில் மிஸ்டர் ஒனுவோரா அவற்றைப் படைத்து, வெட்டி, முதல் துண்டைத் தின்றார். அதற்குப் பிறகுதான் துணியை அவிழ்த்து என் கிழங்கை எடுத்தார். கத்தி இறங்கியது. ஊதா. நான் செத்தேன்.

“என் வீட்டில் குடியிருப்பவர், கேட்காமலே, தன் நாட்டுக் கிழங்கை என் மேசையில் வைத்திருக்கிறார். இதற்குரிய முன்னோரை நான் அறியேன். அவரே கூப்பிடட்டும்,” என்று சொல்லிக் கத்தியை என் கையில் தந்தார்.

எனக்கு மந்திரம் தெரியாது, அக்கா. சின்னத்தம்பி வைத்திலிங்கம் என்று அப்பாவின் பெயரைச் சொல்லி ஒரு துண்டு வெட்டினேன். மண்டபம் முழுவதும் எழுந்து நின்று அதைத் திருப்பிச் சொன்னது. சின்னத்தம்பியும் சிதைந்தது, வைத்திலிங்கமும் சிதைந்தது, பெயர் ஒரு வழியாகத்தான் வந்தது. திருத்த என்னால் ஏலவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

தேங்காய் நேர்ந்திருந்தால் உடைத்துவிடுங்கள். ஆனால் திவசம் செய்யவில்லை என்று இனி ஏச வேண்டாம்.